இறந்தகாலத்தின் சமூக வரலாறு: மட்டக்களப்புப் பறங்கியர் மொழியின் வினையமைப்பு பற்றிய சில குறிப்புகள்

1

மொழித்தொடர்பின் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் சொற்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. யன்னல், கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, சப்பாத்து, பாண் என்பன போர்த்துக்கேய மொழியிலிருந்து ஈழத்துத் தமிழிற் புகுந்தவை என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். இப்பட்டியலைச் சற்று உற்றுநோக்கின் ஓர் உண்மை புலப்படும். இவை யாவும் பெயர்ச்சொற்கள். கடை, வீடு, பட்டறை ஆகியவற்றிற் புழங்கும் பண்டங்களின் பெயர்கள். பண்டங்கள் கைமாறும்போது அவற்றின் பெயர்களும் கைமாறுகின்றன. ஆயின் ஒரு மொழியின் வினைமுற்று, அதிலும் காலங்காட்டும் முறைமை, அவ்வளவு எளிதிற் கைமாறுவதில்லை. அது மாறுமிடத்து, பண்டமாற்றத்தைவிட ஆழமானதொரு சமூக நிகழ்வு இடம்பெற்றுள்ளது என்று கொள்ளுதல் வேண்டும்.

அத்தகைய நிகழ்வொன்றின் சான்று நமக்கு மிக அண்மையிலேயே, மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் பறங்கியரின் வீட்டுமொழியில் உள்ளது. போர்த்துக்கேயத்தை மூலமாகக் கொண்டு இலங்கையிற் பிறந்த இக்கலப்புமொழி இன்றும் அங்கு முதியோர் சிலரிடையே வழங்கி வருகின்றது. மட்டக்களப்பின் கூத்தையும் கண்ணகி வழிபாட்டையும் நாட்டார் பாடலையும் நாம் விரிவாக ஆராய்ந்துள்ளோம். வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ வெளிவந்த 1964ஆம் ஆண்டிலிருந்து இத்துறையில் நடைபெற்ற பணி சிறிதன்று. எனினும் அதே வாவிக்கரையில் நானூறு ஆண்டுகளாகத் தமிழோடு அண்டை வீட்டு உறவு பூண்டுள்ள இம்மொழி தமிழ் ஆய்வாளரின் கவனத்தை மிகக் குறைவாகவே பெற்றுள்ளது. அதன் இறந்தகால வினைமுற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் வழியே ஒரு சமூக வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் குறிக்கோளாகும்.

2

முதலில் மூலமொழிகளின் அமைப்பைக் காண்போம். போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் இலத்தீனின் இரு புதல்விகள். இறந்தகாலம் பற்றியவரை இரண்டின் அமைப்பும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டு மொழிகளும் இறந்தகாலத்தை இருவகையாகப் பகுக்கின்றன. தொடங்கி முடிந்துவிட்ட செயலுக்கு ஒரு வடிவம்; முன்பு தொடர்ந்து நிகழ்ந்துகொண்டிருந்த அல்லது வழக்கமாக நிகழ்ந்த செயலுக்கு வேறொரு வடிவம். முதலாவதையே நாம் இங்கு ஆராய்கின்றோம்.

ஸ்பானியத்தில் ‘பாடு’ எனப் பொருள்படும் வினை ‘காந்தார்’ என்பது. இதன் ஈற்றிலுள்ள ‘ஆர்’ என்பதை நீக்கினால் ‘காந்த்’ என்னும் அடி எஞ்சும். அதனோடு ஆறு விகுதிகள் சேர்கின்றன. காந்தே (பாடினேன்), காந்தாஸ்தே (பாடினாய்), காந்தோ (பாடினான், பாடினாள்), காந்தாமோஸ் (பாடினோம்), காந்தாஸ்தெய்ஸ் (பாடினீர்கள்), காந்தாரோன் (பாடினார்கள்) என்பன அவ்வாறு வடிவங்கள். ‘எர்’, ‘இர்’ என முடியும் வினைகள் இரண்டும் இறந்தகாலத்தில் ஒரே விகுதி வரிசையைப் பெறும். ‘கொமெர்’ (உண்) என்பது கொமீ, கொமீஸ்தே, கொமியோ, கொமீமோஸ், கொமீஸ்தெய்ஸ், கொமியெரோன் என வரும். ஒழுங்கான வினைகள் யாவும் இவ்விரு வாய்பாடுகளுள் அடங்கும். போர்த்துக்கேயத்தில் இதே ‘காந்தார்’ என்னும் வினை தன்மை ஒருமையிற் காந்தேய் எனவும் படர்க்கை ஒருமையிற் காந்தோ எனவும் படர்க்கைப் பன்மையிற் காந்தாராம் எனவும் வரும்.

இவ்வமைப்பைத் தமிழோடு ஒப்பிடுதல் பயனுடையது. நன்னூலார் பகுபத உறுப்புகளைப் பகுத்த முறையில் ‘பாடினேன்’ என்பதைப் பாடு + இன் + ஏன் எனப் பிரிக்கின்றோம். காலத்தை இடைநிலையும், இடம், பால், எண் ஆகியவற்றை விகுதியும் காட்டுகின்றன. ஸ்பானியக் ‘காந்தே’ என்பதில் அவ்வாறு பிரிக்க இயலாது. இறுதியிலுள்ள ஏகாரம் ஒன்றே காலத்தையும் தன்மையையும் ஒருமையையும் சேர்த்து உணர்த்துகின்றது. அழுத்தம் எவ்வசையில் விழுகின்றது என்பதும் பொருளை மாற்றும். ‘காந்தொ’ என முதலசையை அழுத்தினால் ‘நான் பாடுகின்றேன்’. ‘காந்தோ’ என ஈற்றசையை அழுத்தினால் ‘அவன் பாடினான்’. மேலும், ஸ்பானியத்திற் ‘காந்தாமோஸ்’ என்பது நிகழ்காலத்திற்கும் இறந்தகாலத்திற்கும் பொதுவானது. இடத்தை நோக்கியே பொருள் கொள்ளுதல் வேண்டும். வளர்ந்தபின் இம்மொழியைச் செவிவழியாக மட்டும் கற்க நேர்ந்த ஒருவருக்கு இவ்விகுதிகள் எத்துணை வழுக்கும் தன்மையன என்பதை உய்த்துணரலாம்.

இனி, மட்டக்களப்புப் பறங்கியர் மொழியில் இவ்வினையின் நிலையைக் காண்போம். ஏவ் ஜா-காந்தா (நான் பாடினேன்), ஏலி ஜா-காந்தா (அவன் பாடினான்), நோஸ் ஜா-காந்தா (நாங்கள் பாடினோம்), ஏத்துஸ் ஜா-காந்தா (அவர்கள் பாடினார்கள்). ஆறு விகுதிகளும் மறைந்துவிட்டன. வினை எல்லா இடத்துக்கும் எண்ணுக்கும் பொதுவாக ‘காந்தா’ என நிற்கின்றது. அதன் முன்னே வரும் ‘ஜா’ என்பதே இறந்தகாலத்தை உணர்த்துகின்றது. இது போர்த்துக்கேயத்தில் ‘ஏற்கெனவே’ எனப் பொருள்படும் வினையடையிலிருந்து பிறந்தது. நிகழ்காலத்துக்குத் ‘தா’ என்பதும் எதிர்காலத்துக்கு ‘லோ’ என்பதும் இவ்வாறே வினையின் முன் வருகின்றன.

3

இம்மாற்றத்தைக் கண்ட ஐரோப்பியர் அதனைச் சிதைவு என்றனர். 1811ஆம் ஆண்டு கொழும்பில் பெரெஞ்சர் என்பவர் வெளியிட்ட இலக்கண நூல், தலைப்பிலேயே இதனைக் ‘கெட்டுப்போன போர்த்துக்கேயம்’ எனச் சுட்டியது. கெட்டுப்போனது என்னும் இச்சொல் மொழியியல் விவரணை அன்று. அது ஒரு வர்க்கத் தீர்ப்பு. அத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. எனினும் அதனை மறுப்பதற்கு வெறும் பரிவு போதாது, சான்று வேண்டும்.

முதலாவது சான்று நமது சுற்றுவட்டத்திலேயே உள்ளது. பேச்சுச் சிங்களத்தில் ‘மம கியா’ என்றால் நான் போனேன். ‘எயா கியா’ என்றால் அவர் போனார். வினை மாறுவதில்லை. மலையாளத்தில் ‘ஞான் பாடி’, ‘அவன் பாடி’ என்பவற்றிலும் அவ்வாறே. இம்மொழிகளைக் கெட்டுப்போனவை என எவரும் கூறுவதில்லை. எனவே இடங்காட்டும் விகுதியின் மறைவு தன்னளவில் வீழ்ச்சியின் அடையாளமாகாது. அதேவேளை, அம்மறைவு ஒன்றையே கொண்டு அடிமை முறையின் விளைவு இது என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. நம்மவருட் சிலர் இத்தகைய அவசர முடிவுகளுக்கு வருவதுண்டு. மலையாளத்தின் விகுதிகளை எந்த அடிமைச் சந்தையும் அழிக்கவில்லை.

இரண்டாவது சான்று ஒப்பீட்டினாற் பெறப்படுவது. இந்தியாவின் மேற்குக் கரையில் டியூ, டாமன், கொர்லை ஆகிய இடங்களிலும் போர்த்துக்கேயக் கலப்புமொழிகள் உள்ளன. அங்கு இறந்தகால விகுதி முற்றாக மறையவில்லை. படர்க்கை ஒருமைக்குரிய ஓகார ஈறு மட்டும் எஞ்சி, எல்லா இடங்களுக்கும் பொதுவாயிற்று. மட்டக்களப்பிலும் மலாக்காவிலும் அவ்வீறு கைவிடப்பட்டு ‘ஜா’ என்னும் முன்னொட்டு அதனிடத்தைப் பெற்றது. ஆக, ஒரே மூலத்திலிருந்து இரு வேறு தீர்வுகள் தோன்றியுள்ளன. குருட்டுத்தனமான சிதைவாயின் இவ்வொழுங்கு காணப்படுமா?

மூன்றாவது சான்று இன்னும் வியப்புக்குரியது. பிலிப்பைன்சின் தென்பகுதியிலுள்ள சம்போவாங்காவில் சவக்கானோ எனப்படும் ஸ்பானியக் கலப்புமொழி வழங்குகின்றது. அங்கு ‘நான் பாடினேன்’ என்பது ‘யா காந்தா யோ’ என வரும். ‘யா’ என்பது ஸ்பானியத்தில் ‘ஏற்கெனவே’ எனப் பொருள்படும் சொல். போர்த்துக்கேய ‘ஜா’வின் உடன்பிறப்பு. நிகழ்காலத்துக்கு அங்கும் ‘தா’வே. ஸ்பானிய இலக்கணம் கற்போர் மனனஞ் செய்யும் ஆறு வடிவங்களும் அங்கும் இவ்வாறே ஒன்றாகிவிட்டன.

இவ்வொற்றுமையை வெறுந் தற்செயல் எனக் கொள்வதற்கில்லை. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலும் ஸ்பானியாவும் ஒரே முடியின் கீழ் இருந்தன. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பியபோது அவர்களுக்கு மன்னனாக இருந்தவன் ஸ்பானியாவின் நான்காம் பிலிப்பு. சம்போவாங்காக் கோட்டையின் கட்டுமானம் 1635இல் தொடங்கியபோதும் ஸ்பானியாவை ஆண்டவன் அவனே. அக்கோட்டை இடையிற் கைவிடப்பட்டு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீளக் கட்டப்பட்டமையால், இன்றைய சவக்கானோவின் பிறப்பை நேரடியாக 1635உடன் இணைத்தல் கூடாது. அம்மொழிக்கு மலுக்குத் தீவுகளின் போர்த்துக்கேயக் கலப்புமொழி அடித்தளமாக இருந்தது என 1956இல் வின்னம் முன்வைத்த கருத்தும் பின்னர் விவாதத்துக்கு உள்ளானது. தொடர்பு நேரடியானதாயினும் அன்றாயினும் ஒன்று தெளிவு. கோட்டை, சரக்குக் கிடங்கு, கப்பற்றுறை, எசமானின் அடுக்களை ஆகிய இடங்களில் ஒரே வகையான உழைப்புறவுகள் நிலவின. பல தாய்மொழியினர் வயது வந்தபின், பள்ளியின்றி, வேலையினூடாக ஆள்வோர் மொழியைக் கற்றனர். செயல் முடிந்துவிட்டதா என்பதே அங்கு முதன்மையான வினா. செவிக்குத் தெளிவாகக் கேட்கும் ‘ஏற்கெனவே’ என்னும் சொல் அவ்வினாவுக்கு விடையாயிற்று. வழுக்கும் விகுதிகள் விடுபட்டன.

4

இவ்விடத்து, அண்டை மொழியான தமிழின் பங்கு யாது என்னும் வினா எழுகின்றது. 1970களில் மட்டக்களப்பிற் களஆய்வு செய்த இயன் சிமித், இம்மொழியின் வாக்கிய அமைப்பு தமிழை எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதை நிறுவினார். போர்த்துக்கேயத்தில் வினைக்குப்பின் வரும் செயப்படுபொருள் இங்குத் தமிழிற்போல வினைக்கு முன் வருகின்றது. போர்த்துக்கேயத்திற் பெயருக்கு முன் நிற்கும் உருபிடைச் சொற்கள் இங்குப் பெயரின் பின் வேற்றுமை உருபுகளாக ஒட்டுகின்றன. நான்காம் வேற்றுமைக்குரிய ‘பா’ என்பது அத்தகையது. ‘எனக்கு’ என்பதற்குரிய ‘பாரிம்’ என்னும் வடிவம், போர்த்துக்கேயர் இரு சொற்களாக வழங்கியது இறுகி ஒன்றானமையால் வந்தது.

ஆயின் வினையின் காலக்குறி மட்டும் இவ்வீர்ப்புக்கு உட்படவில்லை. தமிழில் காலங்காட்டும் உறுப்பு வினைப்பகுதியின் பின்னரே வரும். நானூறு ஆண்டுத் தொடர்புக்குப் பின்னும் ‘ஜா’ வினையின் முன்னரே நிற்கின்றது. தமிழ் இட விகுதியை விடாது பேணுகின்றது. பறங்கியர் மொழியோ அதனை மீளப் பெறவில்லை. பெயர்த்தொடர் தமிழ்மயமாயிற்று, வினைத்தலை பழைய கப்பற்றுறையின் முத்திரையைத் தாங்கி நிற்கின்றது. எனவே இம்மொழியில் இருவேறு வரலாற்றுப் படிவுகளை நாம் காண்கின்றோம். வினையின் முன்னொட்டு, இந்துசமுத்திரத் துறைமுகங்களின் கட்டாய உழைப்புக் காலத்துக்குரியது. வாக்கிய ஒழுங்கும் வேற்றுமை உருபும், அதன்பின் வாவிக்கரையில் தமிழரோடும் முஸ்லிம்களோடும் அயலவராய் வாழ்ந்த காலத்துக்குரியன.

இன்னொரு செய்தியும் மனங்கொள்ளத்தக்கது. ஒழுங்கான வினைகள் யாவும் விகுதி இழந்தபோதிலும், ‘உள்ளது’ என்னும் பொருள் தரும் வினையில் ‘தேம்’ (உள்ளது), ‘தீஞ்ஞ’ (இருந்தது) எனப் பழைய வேறுபாடு எஞ்சியுள்ளது. அன்றாடம் மிகுதியாகப் பயின்ற வடிவம், வாய்பாட்டுக்குப் புறம்பானதாயினும், மனத்தில் தனிச்சொல்லாக நிலைத்தது. ஆட்சி பெற்றோரின் இலக்கணத்திலிருந்து எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதை அம்மக்களின் பயன்பாடே தீர்மானித்தது.

5

மட்டக்களப்புக் கோட்டையிற் போர்த்துக்கேயரின் ஆட்சி பத்தாண்டுகளே நீடித்தது. 1638இல் வெஸ்டர்வோல்டின் தலைமையில் வந்த ஒல்லாந்தர், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுடன் கூட்டுச்சேர்ந்து அதனைக் கைப்பற்றினர். பத்தாண்டு ஆட்சியின் மொழி நானூறு ஆண்டு வாழ்ந்தது ஏன்? அரசதிகாரத்தால் மட்டுமே மொழி வாழ்கின்றது என்று கருதுவோர் இவ்வினாவுக்கு விடைகூற இயலாது.

விடை ஒல்லாந்தரின் வீடுகளுக்குள் உள்ளது. அவர்கள் கொழும்பை 1656இல் கைப்பற்றிய சில ஆண்டுகளுக்குள், ஒல்லாந்த மொழி பேசாத அடிமைகளின் தலையை மழிக்கும்படி கட்டளை பிறந்தது. அக்கட்டளை தோற்றது. வீட்டு வேலை செய்த அடிமைகளும், ஒல்லாந்தர் மணந்த கலப்பினப் பெண்களும் போர்த்துக்கேயக் கலப்புமொழியையே பேசினர். அவர்களின் மடியில் வளர்ந்த பிள்ளைகளும் அதனையே பேசினர். ஆளும் கும்பனியின் மொழி ஆவணங்களில் இருந்தது. ஆளப்பட்டோரின் மொழி அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வந்தது. 1814இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிசனரிமார் இம்மொழியிற் போதிக்கவும் அச்சிடவும் நேர்ந்தமை அதன் பரவலுக்குச் சான்று. 1826இல் புதிய ஏற்பாடு முழுவதும் இம்மொழியில் வெளிவந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைமை மாறிற்று. எழுதுவினைஞர் பதவியும் சட்டத்துறையும் மருத்துவமும் ஆங்கிலத்தின் வழியே திறந்தபோது, கொழும்பின் வசதிபடைத்த பறங்கியர் கலப்புமொழியைக் கைவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினர். 1908இல் அவர்கள் நிறுவிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் குலவழியைப் பட்டியலிட்டுத் தம்மைத் தனியே பிரித்துக்கொண்டது. தச்சுவேலை, கொல்லுவேலை, தகரவேலை, சப்பாத்துத் தைத்தல் ஆகிய கைத்தொழில்களிலே தங்கிய ஏழைகள் ‘போர்த்துக்கேயக் கம்மியர்’ என இழித்துரைக்கப்பட்டனர். இவ்வேறுபாடு இரத்தத்தால் வந்ததன்று, தொழிலாலும் வர்க்கத்தாலும் வந்தது என்பதை 1982இல் வெளியான டெனிஸ் மக்கில்வ்ரேயின் ஆய்வு தெளிவுறுத்தியது.

மட்டக்களப்பில் இம்மொழி நிலைத்ததன் பொருளாதார அடிப்படையும் இதுவே. படுவான்கரையின் நெல்வயல்கள் போடிமாரின் உடைமை. பறங்கியரின் கைவசம் இருந்தவை உளியும் சுத்தியலும். தந்தையிடமிருந்து மகன் தொழிலைக் கற்ற பட்டறையில் மொழியும் கற்பிக்கப்பட்டது. கத்தோலிக்க சமயமும், தம்முள் மணவுறவு கொள்ளும் வழக்கமும், கல்யாண வீடுகளிற் பாடி ஆடப்படும் கவ்றிஞ்ஞா ஆட்டமும் அதற்கு அரண் செய்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹியூ நெவில் திரட்டிய இம்மொழிப் பாடல்களின் கையெழுத்துப்படி பிரித்தானிய நூலகத்திற் பேணப்படுகின்றது. மொழி மேற்கட்டுமானத்தின் ஒரு பகுதியன்று என 1950இல் ஸ்டாலின் மார் என்பாரின் கொள்கையை மறுத்து எழுதியது சரியே. ஆயினும் எம்மொழியைப் பேசுவோர் எத்தொழிலில், எவ்வுறவில் நிறுத்தப்பட்டனர் என்பதைத் தவிர்த்து, ஒரு மொழியின் வாழ்வையோ சாவையோ விளக்க முடியாது என்பதை மட்டக்களப்பு உணர்த்துகின்றது.

6

தொழில் தந்த அரண் தொழிலோடு சரிந்தது. ஆலையிற் செய்த தளபாடமும் சப்பாத்தும் பட்டறையின் சந்தையைச் சுருக்கின. யுத்தமும் புலம்பெயர்வும் குடும்பங்களைச் சிதறடித்தன. 2004 மார்கழி 26ஆந் திகதி கடற்கோள், பறங்கியர் செறிந்து வாழ்ந்த டச்பார் குடியிருப்பை அழித்தது. எஞ்சியோரிற் பலர் திராய்மடுவிற் குடியமர்த்தப்பட்டனர். பிள்ளைகள் தமிழ்மொழி மூலமே கற்கின்றனர். வீட்டிலும் தமிழே மேலோங்குகின்றது. 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து மொழியுரிமைக்காகப் போராடிய நாம், நமது மொழியின் நிழலில் ஒரு சிறுமொழி ஒடுங்குவதைக் காணாதிருத்தல் தகுமா? ஒடுக்கப்பட்ட மொழியொன்று தன் பிரதேசத்தில் வேறொரு மொழிக்குப் பெரும்பான்மை மொழியாக அமைய முடியும் என்னும் முரண்பாட்டை நேர்நின்று நோக்காத மொழியுரிமைக் கோட்பாடு குறைபாடுடையதே.

2010களின் பிற்பகுதியில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோவும் அவரது குழுவினரும் இம்மொழியை ஒலி, ஒளிப் பதிவுகளாகத் திரட்டினர். இப்பணி போற்றத்தக்கது. ஆயின் போர்த்துக்கேயம் அறிந்தோர் ஒருபாதியையே கேட்க இயலும். வாக்கியத்தின் மறுபாதி தமிழ். மட்டக்களப்புப் பேச்சுத்தமிழை நன்கறிந்தவர்களே அதன் வேற்றுமை அமைப்பையும் எச்சத் தொடர்களையும் மரபுத் தொடர்களையும் நுணுகி ஆராய வல்லவர்கள். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து திராய்மடு தொலைவில் இல்லை. அங்குள்ள முதியோரிடம் மாணவரை அனுப்பி, ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய சொற்களையும் வினைகளையும், அத்தொழிலின் வரலாற்றோடு சேர்த்துப் பதிவுசெய்தல் நமது தமிழ்த்துறைகளின் உடனடிக் கடமை எனக் கருதுகின்றோம். அப்பணியை அம்மக்களின் பங்கேற்போடு, பெறுபேறு அவர்களின் பிள்ளைகளுக்குப் பாடநூலாகவும் பாட்டாகவும் திரும்பிச் செல்லும் வகையில் அமைத்தல் வேண்டும். ‘ஜா-காந்தா’ என்று கூறுவோர் உள்ளபோதே அது செய்யப்படுதல் வேண்டும்.